பழைய காரின் பிரேக்கை வீட்டில் பழுதுபார்க்கலாமா? ஒரு நீண்ட விவாதத்தின் இன்றைய நிலை

பழைய கார் ஒன்றின் பிரேக்கை அதன் உரிமையாளர் தம் வீட்டுக் கொட்டகையில் வைத்தே பழுதுபார்க்கலாமா, அல்லது அது பயிற்சி பெற்ற பட்டறைக்கு மட்டுமே உரிய வேலையா என்னும் கேள்வி, கார்களுக்கு நான்கு சக்கரங்களிலும் பிரேக் பரவலாகப் பொருத்தப்படத் தொடங்கிய 1920கள் முதல் வெவ்வேறு வடிவங்களில் எழுப்பப்பட்டு வருகிறது. பெயின்ட், மெத்தை, எஞ்சின் ஆகியவற்றில் நேரும் தவறு பெரும்பாலும் உரிமையாளரின் பணத்தோடு முடிந்துவிட, பிரேக்கில் நேரும் தவறு சாலையில் நடந்துசெல்லும் மற்றொருவரின் உயிரைத் தொடுவதால், இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் அனைத்திலும் தொழில்நுட்பமும் அறமும் கலந்தே காணப்படுகின்றன. அவ்விடைகளை அவை தோன்றிய சூழலோடு வைத்து ஆராய்வதும், ஒவ்வொன்றின் வலுவையும் குறையையும் மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம். முதன்மை எடுத்துக்காட்டாக, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் பிரிட்டனில் வெளிவந்து, பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட மோரிஸ் மைனர் கார் கொள்ளப்படுகிறது. பிரிட்டனிலும் இலங்கையிலும் இன்றும் சாலையில் ஓடும் பழைய கார்களுள் அது முன்னணியில் இருப்பதும், அதன் பிரேக் அமைப்பு அக்காலக் கார்கள் பலவற்றின் பொதுத்தன்மையைக் கொண்டிருப்பதும் இத்தேர்வுக்குக் காரணங்கள்.

கம்பியிலிருந்து திரவத்துக்கு

தொடக்ககாலக் கார்களில் பெடலின் விசை இரும்புக் கம்பிகள், கேபிள்கள் வழியாகச் சக்கரங்களுக்குச் சென்றது. 1922இல் வந்த ஆஸ்டின் 7 போன்ற சிறிய கார்களின் உரிமையாளர்கள் அவற்றின் நீளத்தைத் தாமே அடிக்கடி சரிசெய்துகொண்டனர். அந்த அமைப்பில் தேய்ந்த முனையும் தளர்ந்த கேபிளும் கண்ணுக்குத் தெரிந்தன, ஒரு கேபிள் அறுந்தாலும் மற்ற சக்கரங்களில் ஓரளவு பிடிப்பு எஞ்சியது. மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்ற திரவ அழுத்தப் பிரேக், 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரிலும் 1924இல் கிரைஸ்லரிலும் இடம்பெற்றது. இந்த முறையில் பெடல் ஒரு பிஸ்டனைத் தள்ள, மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளையில் எழும் அழுத்தம் குழாய்களின் வழியே சக்கரங்களிலுள்ள வீல் சிலிண்டர்களுக்குச் சமமாகப் பரவி, அங்குள்ள சிறு பிஸ்டன்கள் பிறை வடிவப் பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் கிடைப்பதால் கார் ஒரு பக்கமாக இழுப்பது குறைந்தது; அடிக்கடி சரிசெய்யும் தேவையும் குறைந்தது.

ஆயினும் இம்மாற்றத்தை எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாடல் வரை இயந்திர இணைப்பையே வைத்திருந்தது. பிரிட்டனில் ஆல்பர்ட் கெர்லிங் 1925இல் காப்புரிமை பெற்ற ஆப்பு வகை இயந்திரப் பிரேக் நெடுங்காலம் மதிப்புடன் விளங்கியது. திரவ அமைப்பில் எங்கேனும் ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிடிப்பை இழக்கும் என்பதே அவர்களது மறுப்பின் சாரம். அம்மறுப்புக்கு முழுமையான விடை 1960களில்தான் கிடைத்தது. முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்றுகளைக் கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டரை 1962இல் கெடிலக் பொருத்தியது. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு அது சட்டப்படி கட்டாயமாயிற்று. மோரிஸ் மைனரோ தன் தயாரிப்பு முடியும் வரை ஒற்றைச் சுற்றிலேயே இயங்கியது. அதன் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டாகவும் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்றாகவும் அமைந்த ஆறு வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றுள் எது கைவிட்டாலும் கால் பெடல் முழுவதும் பயனற்றுப் போகும். பின்சக்கரங்களைக் கேபிளால் பிடிக்கும் கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். வீட்டுப் பழுதுபார்ப்பு குறித்த விவாதம் முழுவதும் இந்தப் பொறியியல் உண்மையின்மேல் எழுந்ததே.

உரிமையாளருக்கு உரிய வேலை என்னும் தரப்பு

இத்தரப்பின் வேர் கார் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே உள்ளது. மோரிஸ் மைனருடன் வழங்கப்பட்ட கையேடு, பிரேக்கைச் சரிசெய்வதை உரிமையாளரின் வழக்கமான பணியாகவே கருதியது. சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, மூடியைக் கழற்றி, சக்கரத்திலுள்ள துளை உள்ளிருக்கும் சரிசெய்யும் திருகுக்கு நேராக வரும்வரை சுழற்றி, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு, ஷூ டிரம்மில் உரசிச் சக்கரம் நிற்கும்வரை திருகி, பின்னர் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களுக்கும் தனித்தனித் திருகுகள் உள்ளதால் ஒன்றை மட்டும் திருகிவிட்டு மற்றதை மறப்பதே புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. ஜான் ஹேன்ஸ் 1960இல் தொடங்கிய பதிப்பகம் 1966 முதல் வெளியிட்ட பழுதுபார்க்கும் கையேடுகள், ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து மாட்டும் வரிசையைப் படங்களுடன் விளக்கி, கையேட்டின் எல்லையைச் சரிசெய்தலிலிருந்து முழுப் பழுதுபார்ப்புவரை நீட்டின.

இத்தரப்பினர் முன்வைக்கும் வாதங்களுள் வலுவானது அவசரமின்மை பற்றியது. ஒரே காரை ஆண்டுக்கணக்கில் அறிந்த உரிமையாளர், ஒரு வீல் சிலிண்டரின் உள்சுவரில் ஊசிமுனை அளவில் தெரியும் துருக்குழியைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டுப் புதிய பாகம் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க முடியும். நாளொன்றுக்குப் பல கார்களை முடித்தனுப்ப வேண்டிய பட்டறைக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது அரிது.

இத்தரப்பின் குறை அதன் ஆதார நூல்களிலேயே இருக்கிறது. அக்கையேடுகள் சில ஆண்டுகளே ஆன கார்களுக்காக எழுதப்பட்டவை. கழற்ற முயன்றால் முறிந்துவிடும், காற்றை வெளியேற்றுவதற்கான திருகுகள், உள்ளே வீங்கி அடைத்துக்கொண்ட ஹோஸ்கள், முந்தைய உரிமையாளர்கள் மாற்றிப் பொருத்திய பொருந்தாத பாகங்கள் என அறுபது ஆண்டுகள் கழித்து எதிர்ப்படுபவற்றை அவை முன்கூட்டியே கண்டிருக்க வாய்ப்பில்லை. தயாரிப்பாளரின் தரத்துக்கு உட்பட்ட உதிரிப்பாகம் கிடைக்கும் என்னும் அவற்றின் எடுகோளும் இன்று எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை.

பட்டறைக்கே உரியது என்னும் தரப்பு

இதற்கு எதிரான தரப்பு, சில வேலைகளுக்கு இயந்திரங்கள் இன்றியமையாதவை என்பதிலிருந்து தொடங்குகிறது. வட்டம் குலைந்த டிரம்மை லேத்தில் கடைந்து சமப்படுத்துதல், உராய்வுப் பட்டையான லைனிங்கை ஷூவில் ரிவெட் அடித்தோ அழுத்தத்தில் ஒட்டியோ பொருத்துதல், அரித்துப்போன சிலிண்டரின் துளையைப் பெரிதாக்கிப் பித்தளையாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஸ்லீவ் எனப்படும் உள்ளுறை இடுதல் ஆகியவற்றைக் கொட்டகையில் செய்ய முடியாது என்பதில் எத்தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டிரம்மை எவ்வளவு கடையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு; அதைத் தாண்டிக் கடைந்தால் சுவர் மெலிந்து வெப்பத்தில் விரிசல் காணும், பழைய ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்தாமற்போய் உராய்வு நடுப்பகுதியில் மட்டுமே நிகழும்.

ஆனால், இயந்திரம் தேவைப்படும் வேலைகளைப் பட்டறைக்கு அனுப்புவது ஒன்று. முழுப் பழுதுபார்ப்பும் பட்டறையிலேயே நடக்க வேண்டும் என்பது வேறொன்று. பின்னதன் வலு காலப்போக்கில் குறைந்துவருகிறது. டிஸ்க் பிரேக்கிலும் கணினி வழிக் குறைகாணலிலும் பயின்ற இளைய மெக்கானிக்குகள் பலர், முன்னேறும் ஷூ, பின்தொடரும் ஷூ என்னும் வேறுபாட்டையே நடைமுறையில் கண்டதில்லை. டிரம் சுழலும் திசையில் அதனால் உள்ளிழுக்கப்பட்டுத் தானாகவே கூடுதல் பிடிப்புப் பெறுவது முன்னேறும் ஷூ. எதிர்த்திசையில் விலக்கப்படுவது பின்தொடரும் ஷூ. மோரிஸ் மைனரின் முன்சக்கரங்களில் இரண்டும் முன்னேறும் ஷூக்களாக அமைந்திருப்பதால், இடது வலது பாகங்களை மாற்றிப் பொருத்திவிட்டால் கார் முன்னோக்கிச் செல்கையில் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, பின்னோக்கிச் செல்கையில் மட்டும் நன்றாகப் பிடிக்கும். பெரிய பெயர்ப்பலகை கொண்ட பட்டறை என்பது மட்டுமே இத்தகைய தவறிலிருந்து ஒரு காரைக் காக்கப் போதுமானதன்று.

சட்டமும் இவ்விவாதத்தை முடித்துவைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து பிரிட்டன் 2018 மே முதல் விலக்கு அளித்தது. ஆனால் வண்டி சாலைத் தகுதியுடன் இருக்க வேண்டும் என்னும் கடமையை உரிமையாளர்மீதே வைத்தது. இதன் விளைவாக, ஆண்டுக்கொரு முறை உருளைகளின்மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொன்றின் பிடிப்பு விசையையும் எண்ணாகக் காட்டிய ஒரே புறச்சோதனை பல கார்களுக்குக் கட்டாயமில்லாமற் போயிற்று. விலக்கைப் பெற்ற பின்னரும் தாமாக முன்வந்து சோதனைக்குச் செல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதும், கார் சங்கங்கள் பல அதைப் பரிந்துரைக்கின்றன என்பதும் குறிப்பிடத்தக்கவை.

மாஸ்டர் சிலிண்டர்: விவாதம் கூர்மையடையும் இடம்

பொதுவான வாதங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரே ஒரு பாகத்தை அருகிலிருந்து பார்த்தால் அறியலாம். மோரிஸ் மைனரின் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் கால்களுக்குக் கீழே, சட்டகத்தின் நீள்விட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. விரிப்பை அகற்றித் தரைத்தகட்டின் மூடியைத் திறந்துதான் அதில் பிரேக் திரவத்தை ஊற்ற வேண்டும். பல ஆண்டுகளின் மண்ணும் துருத்தூளும் அந்த மூடியைச் சுற்றிச் சேர்ந்திருப்பதால், நன்கு துடைக்காமல் திறப்பவர் திரவத்தோடு அழுக்கையும் உள்ளே சேர்த்துவிடுகிறார். சிலிண்டரைத் தாங்கும் போல்ட்டுகளை உருவ முயன்றால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கும்; அதை விலக்காமல் போல்ட் வெளிவருவதில்லை. அடுத்த முறை இத்தொல்லை நேராதிருக்க, மீண்டும் பொருத்துகையில் போல்ட்டுகளை எதிர்த்திசையிலிருந்து செருகும் வழக்கம் இக்காரின் ஆர்வலரிடையே பரவியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் வீட்டு வேலையின் நன்மையும் ஆபத்தும் ஒன்றாகத் தெரிகின்றன. பழைய சிலிண்டரில் பிஸ்டன் நாள்தோறும் நகரும் பகுதி வழவழப்பாக இருக்க, அது எட்டாத ஆழத்தில் துரு படிந்திருக்கும். குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுவதற்காக, அதாவது மெக்கானிக்குகள் சொல்வதுபோல் ஏர் எடுப்பதற்காக, உதவியாளர் ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கும்போது, பிஸ்டனோடு நகரும் ரப்பர் வாஷரின் மெல்லிய விளிம்பு முதல்முறையாக அந்தத் துருவின்மேல் ஏறிக் கிழிகிறது. பெடல் அன்று மாலை கெட்டியாகவே இருக்கலாம். கசிவு சில நாட்கள் கழித்துத் தலைகாட்டலாம். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் வீச்சைக் கட்டுப்படுத்தினால் இதைத் தவிர்க்க முடியும் என்பதை அறிந்த வீட்டுப் பழுதுபார்ப்பாளர், அறியாத பட்டறையைவிடப் பாதுகாப்பாகச் செயல்படுகிறார். அறியாதவர் எங்கே வேலை செய்தாலும் விளைவு ஒன்றே.

ரப்பர் பாகங்களைக் கழுவும் முறையும் இவ்வாறே. பட்டறைகளில் உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவுவது இயல்பான பழக்கம். பிரேக் வாஷர்களின் ரப்பர் கனிம எண்ணெயைத் தொட்டவுடன் வீங்கத் தொடங்கும். வீங்கிய வாஷர் திரவம் திரும்பும் சிறு துளையை அடைத்து, பெடலை விட்ட பின்னும் பிரேக்கைப் பிடித்தபடியே வைத்திருக்கும். புதிய பிரேக் திரவத்தாலோ ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டும் என்பது அக்காலக் கையேடுகள் திரும்பத் திரும்ப வலியுறுத்திய விதி. அதை மீறிவிட்டதாகச் சிறிது ஐயம் இருப்பினும், எல்லா ரப்பர்களையும் மாற்றுவதே முறை.

எந்தத் திரவம்?

பழைய கார் ஆர்வலர்களிடையே பிரேக் திரவம் அளவுக்கு நீண்ட சர்ச்சையை எழுப்பிய வேறொரு பொருள் அரிது. தொடக்கத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்கள் பயன்பட்டன. பின்னர் கிளைகால் அடிப்படையிலானவை நிலைபெற்றன. அமெரிக்கத் தரவரிசையில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைகால் வகையையும், டாட் 5 சிலிக்கோன் வகையையும் குறிக்கின்றன. புதிய டாட் 3 திரவம் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், டாட் 4 திரவம் 230 டிகிரிக்குக் குறையாமலும் கொதிக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் இவ்வரம்புகள் முறையே 140, 155 டிகிரியாக இறங்குகின்றன. கிளைகால் காற்றிலுள்ள ஈரத்தை இடைவிடாது உறிஞ்சுவதும், மலைப்பாதை இறக்கத்தில் சூடேறும்போது அந்நீர் ஆவியாகி, அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காத குமிழாக மாறிப் பெடலைத் தரைவரை இறங்கச் செய்வதும் இதன் முதன்மைக் குறைகள். கொட்டகையில் ஆண்டின் பெரும்பகுதி அசையாது நிற்கும் காரில் இந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கவும் செய்கிறது. சிந்தினால் பெயின்ட்டையும் உரித்துவிடும்.

சிலிக்கோன் வகையை ஆதரிப்போர் இக்குறைகளையே தம் சான்றாகக் கொள்கின்றனர். அது நீரை உறிஞ்சாது, பெயின்ட்டைக் கெடுக்காது. நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளை எண்ணி அமெரிக்க இராணுவமே 1980களின் தொடக்கத்தில் அதற்கு மாறியது. எதிர்ப்போரின் மறுப்பும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உறிஞ்சப்படாத நீர் எங்கும் போய்விடுவதில்லை. குழாயின் தாழ்ந்த இடத்தில் துளியாகத் தங்கி, அந்த ஓரிடத்தையே அரிக்கிறது. சிலிக்கோன் காற்றை எளிதில் தன்னுள் கரைத்துக்கொள்வதால், ஊற்றும்போது நுரைத்து, எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் சற்றே மெத்தென்று இருப்பதாகப் பலர் கூறுகின்றனர். மோரிஸ் மைனர் போன்ற கார்களில் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக் விளக்குச் சுவிட்சு அத்திரவத்தில் விரைவில் கெடுகிறது என்னும் புகாரும் அடிக்கடி எழுகிறது. ஆனால் இன்று விற்கப்படும் சுவிட்சுகளின் தரமே குறைந்திருக்கக்கூடும் என்பதால், பழியைத் திரவத்தின்மீது மட்டும் சுமத்துவது கடினம்.

இருதரப்பும் உடன்படும் ஒரு செய்தி, இரண்டையும் கலக்கக் கூடாது என்பது. ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறுபவர் எல்லா ரப்பர்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவி உலர்த்திய பின்னரே மாற வேண்டும். பழைய ரப்பரை அப்படியே விட்டுவிட்டுத் திரவத்தை மட்டும் மாற்றிக் கசிவைக் கண்டவர்களின் குறைகூறல்களே சிலிக்கோனுக்கு எதிரான கருத்தின் கணிசமான பகுதி எனக் கருத இடமுண்டு. இச்சர்ச்சையில் எடை கூடிய பக்கம் எதுவெனின், இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை தவறாமல் திரவத்தை மாற்றுபவருக்கு டாட் 4 போதுமானது; மாற்ற மறக்கும் இயல்புடையவருக்குச் சிலிக்கோன் ஓரளவு பாதுகாப்பளிக்கலாம்.

லைனிங்கில் உறைந்திருக்கும் ஆபத்து

1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃபிரூட் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் உள்ளிட்ட லைனிங் தயாரிப்பாளர்கள், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆஸ்பெஸ்டாஸ் நாரையே சார்ந்திருந்தனர். வெப்பம் தாங்குவது, மலிவானது, உராய்வு சீரானது என்னும் மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்த வேறு பொருள் அன்று இல்லை. பிரேக்குகளில் பயன்பட்ட கிரைசோடைல் என்னும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட அதன் எல்லா வகைகளும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவன என்பதே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. பிரிட்டன் 1999இல் கிரைசோடைலைத் தடை செய்தது. அமெரிக்காவில் 1989இல் பிறப்பிக்கப்பட்ட விரிவான தடையை 1991இல் நீதிமன்றம் பெரும்பாலும் நீக்கிவிட, பிரேக் லைனிங்குகளையும் உள்ளடக்கிய புதிய தடை 2024இல்தான் வந்தது. இந்தியாவில் கிரைசோடைல் பயன்பாடு இன்னும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை.

இவ்வளவு தெளிவுக்கு நடுவிலும் ஒரு நேரிய கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பிரேக் பிடிக்கையில் எழும் கடும் வெப்பத்தில் கிரைசோடைல் நார்களின் பெரும்பகுதி வேறொரு கனிமமாகச் சிதைந்துவிடுவதால் டிரம்முக்குள் சேரும் தூசியில் நாரின் பங்கு மிகக் குறைவு என ஒரு சாரார் கூறுகின்றனர். மெக்கானிக்குகளிடையே மீசோதெலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை என்னும் தொகுப்பாய்வுகளையும் அவர்கள் சான்று காட்டுகின்றனர். அவ்வாய்வுகளுள் பல, இழப்பீட்டு வழக்குகளில் சிக்கிய கார் நிறுவனங்களின் நிதியில் நடந்தவை என்பதையும், மெக்கானிக் என்னும் தொழிற்பெயரின்கீழ் பிரேக்கைத் தொடாதவர்களும் எண்ணப்பட்டனர் என்பதையும் மறுதரப்பார் சுட்டிக்காட்டுகின்றனர். ஆண்டுக்கொரு முறை டிரம்மைத் திறக்கும் வீட்டு உரிமையாளரின் ஆபத்து எவ்வளவு என்பது இதனால் துல்லியமாக வரையறுக்கப்படாமலே இருக்கிறது.

எனினும் நடைமுறைக்கு அந்த எண் தேவையில்லை. ஆபத்து மிகுவது எச்செயல்களில் என்பதில் ஐயம் இல்லை: டிரம்மைக் கழற்றியதும் காற்றழுத்தக் குழாயால் தூசியை ஊதுவது, உலர்ந்த தூரிகையால் துடைப்பது, வெப்பத்துக்கு உள்ளாகாத லைனிங்கை ஷூவின் வளைவுக்கேற்பத் தேய்ப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986 முதலே மெக்கானிக்குகளுக்கு இவற்றை எதிர்த்து அறிவுரை வழங்கிவந்தது. நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு அப்புறப்படுத்துவதற்குச் செலவு ஏதுமில்லை. வீட்டில் வேலை செய்பவருக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு; அவருடைய தூசி அதே வளாகத்தில் விளையாடும் குழந்தைகளையும், அவர் உடுத்த துணியைத் துவைப்பவரையும் சென்றடையும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்த பாகம் உலர்வதற்கு முன் அதன் அருகில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகக்கூடும் என்பதும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணத்தக்கது.

பழைமையைக் காப்பதா, மேம்படுத்துவதா?

பழுதுபார்க்கக் காரைத் திறந்தவர் எதிர்கொள்ளும் அடுத்த கேள்வி, பழைய அமைப்பையே மீட்பதா, அல்லது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக் ஆகியவற்றைப் பொருத்துவதா என்பது. 1953இல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றதும், 1955இல் சிட்ரோயன் டிஎஸ் காரும் 1956இல் டிரையம்ஃப் டிஆர்3 காரும் முன்சக்கரங்களில் அதைக் கொண்டு வந்ததும், அதன் மேன்மையை அக்காலத்திலேயே நிறுவின. ஆகவே மேம்படுத்துவோரின் வாதம் புதுமை மோகமன்று. மைனரின் உடன்காலக் கார்களே பெற்றிருந்த ஒன்றை மைனருக்கும் தருவதாக அவர்கள் அதைக் காண்கின்றனர்.

காப்போரின் நிலைப்பாடு, பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற தூரின் சாசனத்தில் முறையான வடிவம் பெற்றது. கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழிவந்த அது, மாற்றங்கள் மிகக் குறைவாகவும் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்னும் அணுகுமுறையைக் கொண்டது. பிரிட்டனின் விலக்கு விதிகளோ, பாதுகாப்பை உயர்த்துவதற்காக அச்சு, சக்கரப் பகுதிகளில் செய்யப்படும் மாற்றங்களைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை. இந்தியாவில் 2021இல் வந்த விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் பேணப்படும் வாகனங்களையே தனிப் பதிவுக்கு உரியனவாக்கின. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் மாற்றங்களைப் பெயரிட்டு விலக்கிய அவ்விதிகளில் பிரேக் பெயரிடப்படவில்லை. ஆகவே ஒரு டிஸ்க் மாற்றம் மூல வடிவைக் குலைப்பதாகுமா என்பது அலுவலரின் விளக்கத்தைச் சார்ந்ததாகவே இருக்கக்கூடும்.

மேம்பாட்டின் தொழில்நுட்பக் குறை வேறிடத்தில் உள்ளது. முன்சக்கரப் பிடிப்பு மட்டும் கூடும்போது பின்சக்கரங்களோடு அதற்கிருந்த விகிதம் குலைகிறது; டிஸ்க்குக்கான பிஸ்டன்கள் கோரும் திரவ அளவுக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டரின் வீச்சு போதாமற்போகலாம். மைனரைத் தயாரித்தோரே 1962இல் 1098 சி.சி. எஞ்சினைப் பொருத்தியபோது முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கிக் கணக்கைத் திருத்தினர். அதே கணக்கை விடுமுறை நாளில் உதிரிப்பாகத் தொகுப்பொன்றை வாங்கிப் பொருத்துபவரும் செய்தாக வேண்டும். இத்தெரிவுகளுள் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே இரு தரப்பாரும் ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது: அது வெளித்தோற்றத்தை மாற்றாது, திரும்பக் கழற்றத்தக்கது, 1920களில் எழுந்த அந்த முதல் மறுப்புக்கும் விடையளிக்கிறது.

இலங்கையிலும் சென்னையிலும்

ஐரோப்பிய விவாதத்தில் வீட்டுப் பழுதுபார்ப்பு ஓய்வுநேர விருப்பமாகவே பேசப்படுகிறது. இலங்கையில் அது தேவையின் விளைவாக வளர்ந்தது. 1977க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற கார்களை அவற்றின் இயல்பான ஆயுளைக் கடந்து ஓடச் செய்தன. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை அந்நிலையை மேலும் கடுமையாக்க, உதிரிப்பாகம் வராத ஊரில் பழைய ஆஸ்டின்கள் மண்ணெண்ணெய்க் கலப்பில் ஓடின. இலங்கையில் இவ்வாறு உருவான கைத்திறன், இல்லாத பாகத்தைக் கடைந்தெடுப்பதில் சிறந்து விளங்கியது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மோரிஸ் மைனர் மையத்தின் கூட்டுறவோடு அத்தீவில் அக்காரின் பாகங்கள் தயாரிக்கப்பட்டு பிரிட்டனுக்கே அனுப்பப்படும் அளவுக்கு அத்திறன் வளர்ந்தது. வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையிலான கோடு அங்கே மங்கலானது. முற்றத்து மாமர நிழலே பல குடும்பங்களுக்குப் பட்டறையாக இருந்தது.

இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களில் பேபி இந்துஸ்தான் என்னும் பெயரில் வெளியிட்டது மோரிஸ் மைனரையே. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து சென்னைப் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, இத்தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே நிலைநாட்டியது. அதனால் இங்குள்ள பழைய கார் உரிமையாளருக்கு, லைனிங் ஒட்டவும் டிரம் கடையவும் தெரிந்த சிறு பட்டறைகள் இன்றும் எட்டும் தொலைவில் உள்ளன. பிரிட்டனின் உரிமையாளர் அஞ்சலில் அனுப்பிக் காத்திருக்கும் வேலையை இங்கே ஒரே நாளில் முடிக்கலாம். அந்த வசதி, பொருளின் தரத்தை ஆராயும் வழக்கத்தைக் குறைத்துவிடும் வாய்ப்பும் உண்டு. ஒட்டப்படும் லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் அற்றதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டிய கடமை உரிமையாளரிடமே இருக்கிறது.

தீராமல் நிற்பவை

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒருங்கே நோக்கின், வீடா பட்டறையா எனக் கேள்வியை அமைத்ததே விவாதத்தைத் திசைமாற்றியது எனக் கூறத் தோன்றுகிறது. முக்கியமான வேறுபாடு இடத்தைப் பற்றியதன்று. செய்து முடித்த வேலையின் குறை, கார் நகர்வதற்கு முன்பே வெளிப்படக்கூடியதா என்பதைப் பற்றியது. ஷூவைச் சரிசெய்தல், ஹோஸை மாற்றுதல், புதிய வீல் சிலிண்டரைப் பொருத்துதல் ஆகியவற்றின் பிழைகள் நின்ற காரிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்: பெடலை முழு வலுவுடனும், பின்னர் மிக மெதுவாகவும் நெடுநேரம் அழுத்திப் பிடித்து அது இறங்குகிறதா என்று காண்பதும், மறுநாள் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பதும் அதற்கான வழிகள். மெதுவான அழுத்தம் ஏன் தேவையெனின், தேய்ந்த வாஷர் மிகுந்த அழுத்தத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கசிவை மறைத்துவிடும். மாறாக, அரித்த சிலிண்டரைச் சாணைபிடித்துத் திரும்பப் பயன்படுத்துதல், செம்புக் குழாயின் முனையை வீட்டில் விரித்துப் பொருத்துதல், வெப்பத்தின் கீழ் லைனிங் ஷூவை விட்டுப் பிரியாதிருத்தல் ஆகியவற்றின் குறை ஓட்டத்திலும் காலத்திலும்தான் வெளிப்படும். இரண்டாம் வகை வேலைகளில் வீட்டுப் பழுதுபார்ப்பை ஆதரிப்பது கடினம்.

திறந்தே இருக்கும் கேள்விகளும் சில உள. ஆஸ்பெஸ்டாஸ் அற்ற இன்றைய லைனிங்குகள், வேறு உராய்வுக் குணத்துக்காக வடிவமைக்கப்பட்ட பழைய வார்ப்பிரும்பு டிரம்களில் குளிர்ந்த நிலையில் எவ்வாறு பிடிக்கின்றன, டிரம்மை எவ்வளவு விரைவில் தேய்க்கின்றன என்பது பற்றி ஆர்வலர் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பல பத்தாண்டுகள் கிடங்கில் இருந்த பழைய மூல ரப்பர் வாஷர் சிறந்ததா, பெயர் தெரியாத புதிய தயாரிப்பு சிறந்ததா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ரப்பர் பயன்படுத்தாவிடினும் முதுமையடையும் என்பதால் பின்னதன் பக்கமே சற்றுக் கூடுதல் நியாயம் இருக்கிறது. இவற்றைத் தீர்க்க வல்லவை கார் சங்கங்களே. ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் முன்னும் பின்னும் நிற்கும் தூரத்தை ஒரே சாலையில், ஒரே வேகத்தில் அளந்து, பயன்படுத்திய லைனிங், ரப்பர், திரவம் ஆகியவற்றின் விவரத்தோடு உறுப்பினர்கள் பதிவுசெய்யும் வழக்கத்தை அவை தொடங்க வேண்டும். அளவிடும் நாடாவும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். அடுத்த பழுதுபார்ப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம்.